கோதுமைத் தரம்: எந்தச் சோதனையை நம்புவது?

ஏப்ரல் முடியும்போது தில்லியில் ஆர்.கே.புரம், மயூர் விஹார் பக்கம் நம் வீடுகளில் ஒரே பேச்சு: வருஷத்துக்கு விலை கூடிய ஷர்பதி ரகக் கோதுமை வாங்கலாமா, சாதா கோதுமை போதுமா? கடைக்காரர் “இதில் புரதம் அதிகம்” என்றால் கூடுதல் விலை கொடுத்துவிடுகிறோம். மாவு மில் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். புரத அளவை மட்டும் வைத்து சப்பாத்தியைக் கணிக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன்.

அந்தப் புரதத்தை அளக்கவே இரண்டு வழி உண்டு. 1883-ல் வந்த கெல்டால் முறையில் மாவை அமிலத்தில் வேகவைத்து, நைட்ரஜனை அளந்து, கோதுமைக்கு 5.7-ஆல் பெருக்குவார்கள். நம்பகமானது, ஆனால் மணிக்கணக்கில் இழுக்கும். அகச்சிவப்புக் கருவியில் தானியத்தைக் கொட்டினால் ஒரு நிமிஷத்தில் எண் வந்துவிடும். வாசலில் லாரி காத்திருக்கும்போது இதுதான் சரி. ஆனால் அந்தக் கருவியின் அளவீடே கெல்டால் போன்ற முறைகளின் முடிவுகளை வைத்துத்தான் அமைக்கப்படுகிறது. புது ரகம் வந்தால் சரிபார்க்காமல் நம்பக் கூடாது.

புரதம் எவ்வளவு என்பதைவிட அது எப்படிப்பட்டது என்பதே முக்கியம். பிபிடபிள்யூ 343 என்ற கோதுமை ரகத்தில் ரை தானியத்தின் குரோமோசோம் துண்டு ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட கோதுமையில் புரத எண் நன்றாக இருந்தாலும் குளூட்டன் (பிசைந்த மாவுக்கு இழுவை தரும் புரதம்) பலம் குறைய வாய்ப்புண்டு. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்தது எஸ்டிஎஸ் படிவுச் சோதனை. அளவுக் குழாயில் கொஞ்சம் மாவும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற வேதிப்பொருளும் லாக்டிக் அமிலமும் கலந்த கரைசல் சேர்த்து நிறுத்திவைக்க வேண்டும். பலமான குளூட்டன் பஞ்சுபோல் உப்பி உயரமாக நிற்கும். பலவீனமானது அடியில் தாழ்ந்து படியும். சில கிராம் மாவு போதும் என்பதால், ஒரு செடிக்கு ஒரு பிடி விதைகூடத் தேறாத ஆராய்ச்சியாளர்களுக்கு இது வரப்பிரசாதம்.

ஃபாரினோகிராஃப் என்ற கருவி இன்னும் விரிவாகச் சொல்லும். மாவைப் பிசைந்தபடியே அதன் எதிர்ப்பை வரைபடமாகப் போடும். சரியான பதத்தைக் குறிக்கும் 500 அலகுக் கோட்டைத் தொட எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று காட்டும். பிரெட் சுடும் மைதாவுக்கு அருமை. கல் சக்கியில் அரைத்த ஆட்டாவுக்கோ அதன் தண்ணீர்க் கணக்கைக் கவனமாகத்தான் படிக்க வேண்டும்: அரைப்பில் மாவுச்சத்துத் துகள்கள் உடைந்தாலும், தவிடு இருந்தாலும் தண்ணீர் அதிகம் பிடிக்கும். அதை குளூட்டன் பலம் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. ஆட்டாவுக்கு என் ஓட்டு படிவுச் சோதனைக்கே.

அறுவடையில் மழை பெய்த வருஷம் மட்டும் கதை வேறு. முளைவிட்ட மணியில் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதி கூடி மாவுச்சத்தைக் கரைக்கும். அதைப் பிடிக்க ஃபாலிங் நம்பர் சோதனைதான் வேண்டும். 7 கிராம் மாவு, 25 மில்லி தண்ணீர், கொதிநீர்க் குளியல். அந்தக் கூழுக்குள் தண்டு எத்தனை வினாடியில் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். 200 வினாடிக்குக் கீழே வந்தால் நான் அந்த லாட்டைத் தொடமாட்டேன்.

இத்தனைக்கும் பிறகு சப்பாத்தியைச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும். விளைச்சல் குறைந்த பழைய சி 306 ரகத்தை இன்றும் ஒப்பீட்டுக்கு வைப்பது அதன் சப்பாத்திக்காகத்தான். வீட்டில் செய்வதானால் மூட்டை எடுக்கும் முன் இரண்டு கிலோ வாங்கி அரையுங்கள். பிசைந்த மாவில் கொஞ்சம் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து எவ்வளவு கறுக்கிறது என்று பாருங்கள். காலையில் சுட்டதை டிபன் பாக்ஸில் போட்டு, மதியம் மடித்துப் பாருங்கள். மாவு அதிகம் கறுக்காமல், சப்பாத்தி விரிசல் விடாமல் மடங்கினால் மூட்டையை எடுக்கலாம்.