ஏற்றத்துக்குக் கியர் இருக்கிறது, இறக்கத்துக்கு?

வேனையும் மோட்டார் சைக்கிளையும் விட்டுவிட்டு அன்றாடப் பயணத்துக்குச் சைக்கிளுக்கு மாறலாமா என்று இலங்கை மலையகத்தில் யார் கேட்டாலும், அடுத்த மூச்சில் வருவது ஒரே கேள்விதான்: "இந்த ஏத்தத்துல மிதிக்க முடியுமா?" முடியும். காலை ஆறு மணிக்கு, தூறலில், தோட்ட லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) சந்திக்கு இறங்கும்போது வண்டி நிற்குமா என்றுதான் கேட்க வேண்டும். அதை ஒருவரும் கேட்பதில்லை. ஹட்டன் பக்கத்து நண்பர் ஒருவர் போன வாரம் அதே ஏற்றக் கேள்வியைக் கேட்டார். இந்த மழைக்கு இரண்டாவது ஜோடி பிரேக் பேட் மாட்டிய கையோடு அவருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

வண்டி எல்லோருக்கும் தெரிந்த வகைதான்: 26 அங்குலச் சக்கரம், இரும்பு பிரேம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, இரண்டு சக்கரத்திலும் கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக் (சக்கர நடுவிலுள்ள இரும்புத் தட்டை இரண்டு பேட் கவ்விப் பிடிக்கும் வகை). 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், பிறகு கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், த்ரீவீலுக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில் வாங்கியவர்கள் பலர். அவற்றில் நிறைய வண்டிகள் இன்று கோடிப்புறத்தில் சாய்ந்து கிடக்கின்றன. முழங்கால் வலிதான் காரணம் என்று சொல்வார்கள். பேசிப் பார்த்தால் பாதிப் பேருக்கு உண்மைக் காரணம் ஒரு இறக்கத்தில் ஏற்பட்ட பயம்.

முதலில் ஏற்றத்தை முடித்துவிடுவோம். கொழும்பிலிருந்து பதுளை போகும் ரயில் பாதையைப் போட்டவர்கள் சரிவை 44 அடிக்கு 1 அடிக்கு மேல் விடவில்லை. டவுனுக்கும் டவுனுக்கும் இடையிலான பெரிய ரோட்டும் பல இடங்களில் மலை இடுப்பைச் சுற்றியே போகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, நானுஓயா ஸ்டேஷன் 1,623 மீற்றரில். எட்டு கிலோமீற்றர் அளவில் 245 மீற்றர் என்றால் சராசரிச் சரிவு நூற்றுக்கு மூன்றுதான். ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று வைத்தால், மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் அதில் ஏற 80, 85 வாட் போதும். கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிற உடம்புக்கு அது பெரிய வேலை இல்லை.

கடினமானது சந்தியிலிருந்து தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு (மேல் பிரிவுக்கு) போகும் கடைசி இரண்டு கிலோமீற்றர். அங்கே நூற்றுக்குப் பத்து என்பது சாதாரணம். முன்னால் 44, பின்னால் 18 பல் உள்ள பழைய கியரில்லாத சைக்கிள் ஒரு மிதிக்கு ஐந்து மீற்றருக்கு மேல் நகரும், அதனால் அந்தப் பாதையில் தள்ளிக்கொண்டுதான் போக முடியும். முன்னால் 22 பல், பின்னால் 28 பல் இருந்தால் ஒரு மிதிக்கு 1.6 மீற்றர். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 6 கிலோமீற்றர் போகலாம், மூச்சு வாங்கும், ஆனால் இறங்கத் தேவைப்படாது. கடையில் "21 கியர்" என்று சொன்னால் அது போதாது. முன்னாலுள்ள மிகச் சிறிய சக்கரத்தின் பல்லை எண்ணிப் பாருங்கள். 28 என்றால் விட்டுவிடுங்கள், 22 அல்லது 24 இருப்பதை எடுங்கள். பின்னால் 34 பல் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) போட ஆசைப்பட்டால் செயினும் நீளமாக வேண்டும், செயினைத் தள்ளும் கை 34 பல்லைத் தாங்கும் வகையா என்று சைக்கிள் திருத்தும் பாஸிடம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். குறுகிய கை என்றால் பல்லில் உரசும்.

அந்தச் சின்ன 22 பல் சக்கரத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். மலையில் சைக்கிளைச் சாத்தியமாக்குவதே அதுதான். ஏறுவதில் இந்த வண்டி மேல் ஒரு குறையும் இல்லை.

இனி பிரேக்.

கார், வேன் ஓட்டுகிறவர்கள் இறக்கத்தில் இரண்டாம் கியரில் போடுவார்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்குப் பாதி வேலைதான். சைக்கிளில் ஃப்ரீவீல் இருப்பதால் மிதிப்பதை நிறுத்தினால் எதுவும் பிடிக்காது. மேலே சேர்த்த உயரம் முழுவதும் கீழே வரும்போது சூடாகப் பேடில் இறங்குகிறது. 80 கிலோ 200 மீற்றர் இறங்கினால் 157 கிலோஜூல். நுவரெலியா உயரத்தில் அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. காற்றும் ரோட்டும் கொஞ்சத்தை வாங்கிக்கொண்டாலும் மீதி போவது ஒரு சாண்கூட அகலமில்லாத இரும்புத் தட்டு இரண்டுக்கும் நகத்தளவு பேட் நாலுக்கும். காரையும் சைக்கிளையும் ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் பெற்றோல் செலவை எழுதுகிறார்கள், உடல்நலத்தை எழுதுகிறார்கள். இதை எழுதுவதில்லை. சமதரையில் இருந்து எழுதுவதால் அவர்களுக்கு இது தோன்றுவதில்லை போலும்.

ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் பிரேக் மழையில் இன்னும் மோசம். நனைந்த ரிம்மில் முதல் சில சுற்றுகளுக்குப் பிடிப்பே இருக்காது, ரப்பர் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். குரோம் பூசிய இரும்பு ரிம் என்றால் துடைத்த பிறகும் நம்ப முடியாது. அலுமினியம் ரிம்மில் பிடிப்பு பரவாயில்லை, ஆனால் கானிலிருந்து (வடிகாலிலிருந்து) ரோட்டில் வழியும் மண் ரப்பரில் ஒட்டி ரிம்மைத் தேய்க்கும். சாம்பல் நிறச் சேறு வடிகிறதென்றால் வடிவது ரிம்தான். ஆகவே டிஸ்க் என்ற தேர்வு சரியானதே. கோபம் அதைக் கொடுக்கும் விதத்தில்தான்.

விலை குறைந்த வண்டிகளில் வரும் கேபிள் டிஸ்க்கில் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். அது தட்டைத் தள்ளி வளைத்து, அசையாமல் நிற்கும் உட்பக்கப் பேடில் அழுத்தும். அதனால் உட்பக்கப் பேடின் இடைவெளி சரியாக இருந்தால்தான் முழுப் பிரேக்கும் வேலை செய்யும். பேட் தேயத் தேய எல்லோரும் செய்வது லிவர் பக்கமுள்ள திருகைச் சுற்றிக் கேபிளை இறுக்குவது. கடையிலும் அதைத்தான் செய்து கொடுக்கிறார்கள். லிவர் உடனே இறுக்கமாகத் தெரியும், திருப்தியாக இருக்கும். ஆனால் கேபிள் இழுக்கும் பிரேக்கின் கை ஓய்விலேயே பாதி சுழன்று நிற்கிறது, மிச்சமுள்ள ஓட்டம் குறைகிறது. ஒருநாள் செங்குத்தான முடக்கில் (வளைவில்) முழுக்கப் பிடிக்கும்போது கை ஓட்டத்தின் முடிவில் போய் முட்டிவிடும், லிவர் கல்லாக இருக்கும், வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். வாங்கும்போது இதை ஒருவரும் சொல்வதில்லை. சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கு ஓட்டும் வண்டியிலும் இதே பிரேக்தான், இதே இறுக்கல்தான் நடக்கிறது.

சரியாகச் செய்ய பத்து நிமிடம் போதும். முதலில் கேபிளைத் தளர்த்திப் பிரேக்கின் கை தன் ஓய்வு நிலைக்கு முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே 5 மில்லிமீற்றர் அலன் கீயை விட்டு (சில மொடலில் கையால் திருகும் வட்டத் திருகு இருக்கும்) உட்பக்கப் பேடைத் தட்டைத் தொடும்வரை உள்ளே கொண்டுவாருங்கள். பிரேக்கைப் பிரேமில் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, பிரேக்கின் கையை விரலால் அழுத்திப் பிடித்தபடியே மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு உட்பக்கத் திருகைக் கால் சுற்றுப் பின்வாங்குங்கள். கடைசியில்தான் கேபிள். லிவர் ஹேண்டிலுக்குப் பாதி தூரம் வருவதற்குள் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை உட்பக்கத் திருகை மட்டும் சரிபார்த்தால் போதும்.

பேடின் தேயும் பகுதி 1 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். வண்டியோடு வருவது பெரும்பாலும் ரெசின் (பிசின் கலந்த) பேட். சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் சேற்று மழையில் ஒரு மாதம்கூடத் தாங்காது, நீண்ட இறக்கத்தில் சூடேறினால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துப் பிடிப்பும் போய்விடும். உலோகத் தூள் கலந்து சுட்ட பேட் மழைக்கும் சூட்டுக்கும் தாக்குப்பிடிக்கும். கத்தும், தட்டையும் கொஞ்சம் வேகமாகத் தேய்க்கும், 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்த தட்டில் போடவும் கூடாது. பேட் எல்லாம் ஒரே வடிவமில்லை, பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். கிடைக்கும்போது இரண்டு ஜோடி எடுத்து வையுங்கள், தேவைப்படும் வாரத்தில் கடையில் இருக்காது. தட்டுக்கும் ஆயுள் உண்டு. ஷிமானோ தட்டில் குறைந்தபட்சத் தடிப்பு 1.5 மில்லிமீற்றர் என்று பொறித்தே இருக்கிறது. புதிதில் 1.8. அந்த 0.3 போனால் தட்டு முடிந்தது.

புதுப் பேட் மாட்டியவுடன் இறக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். சமமான இடத்தில் 20 கிலோமீற்றர் வேகம் பிடித்து, சக்கரம் பூட்டாமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள். பதினைந்து தடவையாவது. அதற்குப் பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.

செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடிப்பவர்கள் கவனிக்க: ஒரு தூறல் தட்டில் பட்டால் பேட் குடித்துவிடும், பிறகு எத்தனை தேய்த்தாலும் கத்தலும் வழுக்கலும் போகாது. தட்டை ஐசோப்ரொபைல் அல்கஹோலால் துடைக்கலாம், ரெசின் பேடை எறிவதைத் தவிர வழியில்லை. சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெயே நல்லது. செயின் தேய்வை 12 அங்குல அடிமட்டத்தால் பார்க்கலாம், 24 ஊசி இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும், பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடினால் மாற்றுங்கள், எட்டில் ஒன்றுக்குப் போனால் ஃப்ரீவீலும் போயிருக்கும்.

கேபிள் உறைக்குள் தண்ணீர் இறங்கித் துரு பிடிப்பது மலையகத்தில் நிச்சயம் நடக்கும். லிவரை விட்ட பிறகும் பிரேக் மெல்லத் திரும்புகிறதா, உள்ளே துருதான். துருப்பிடிக்காத உள்கம்பி போட்டு, பிரேக்குக்குள் நுழையும் முன் உறை கொஞ்சம் கீழே தொங்கி ஏறும்படி வளைத்துவிடுங்கள், தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்தில் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கும் முன் இதைச் செய்ய வேண்டும். பதுளை, பண்டாரவளைச் சரிவில் ஒக்டோபருக்கு முன்.

ஓட்டும் முறையிலும் இரண்டு விஷயம். லிவரை இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வந்தால் தட்டு ஆறுவதில்லை. நேரான இடத்தில் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, திரும்பப் பிடியுங்கள். முடக்குக்குள் நுழைவதற்கு முன்பே குறைத்திருக்க வேண்டும். அடுத்தது, எந்தக் கை லிவர் முன் சக்கரத்துக்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும். கடையை விட்டு வெளியேறும் முன் பார்த்து, வீட்டில் இருக்கும் எல்லா வண்டியிலும் ஒரே பக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஜனவரி விடியலில் நுவரெலியாப் பக்கம் விரல் மரத்துப்போகும், கையுறை இல்லாமல் லிவரை அழுத்த முடியாது. லிவரில் இருக்கும் சின்னத் திருகு அதைக் கைக்குக் கிட்டக் கொண்டுவரும். பிள்ளைகளின் வண்டியில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியைச் சைக்கிளில் இறங்க வேண்டாம். 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வேனும் த்ரீவீலும் மோதி 7 உயிர் போனது. அந்த இறக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை. நேரம் போனாலும் பெரிய ரோட்டில் போங்கள்.

மோட்டார் பூட்டிய சைக்கிளைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். சக்கர நடுவில் மோட்டார் உள்ள வகை செங்குத்தில் மெதுவாக ஏறும்போது மின்சாரத்தில் பெரும் பங்கைச் சூடாகச் செலவழிக்கும். எடையும் கூடுவதால் இறக்கத்தில் பேடுக்கு வேலை இன்னும் அதிகம்.

இப்போது அந்த மாறலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். லயத்தில் பெரும்பாலான குடும்பத்துக்குக் கார் கிடையாது, அவர்கள் விடக்கூடியது வாடகைக்குப் பிடிக்கும் த்ரீவீல் ஹயரைத்தான். தனி ஆள், எட்டு கிலோமீற்றருக்குள் வேலை, கரியரில் பத்து கிலோவுக்குள் சாமான் என்றால் இந்தச் சைக்கிள் அந்த ஹயர் காசை மாதாமாதம் மிச்சம் பிடித்துக் கொடுக்கும். பேட், கேபிள், செயின் எல்லாம் சேர்த்தாலும் அதற்குக் கிட்ட வராது. நடு இரவில் பிரசவ வலி வந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, 12.5 கிலோ காஸ் சிலிண்டரை மேல் டிவிஷனுக்கு ஏற்ற, பனிமூட்டத்தில் வயதானவரைக் கூட்டிப்போக அது ஆகாது. காரை முழுதாக அகற்றச் சொல்லுகிறவர்கள் மேல் டிவிஷனில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு நல்லதையும் கணக்குப் போட்டால் வாங்குங்கள் என்றுதான் வரும். ஆனாலும் இன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை. பண்டாரவளை, வெலிமடை பக்கத்து ஆள் கேட்டால் ஜூன், ஜூலையில் ரோடு காய்ந்திருக்கும், எடுத்துப் பழகுங்கள் என்பேன். ஹட்டன் பக்கத்து நண்பருக்கு என் பதில்: மழை முடியும்வரை வேண்டாம். அதற்குப் பிறகு வாங்கினாலும், கடையிலேயே உட்பக்கப் பேட் திருகு எது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டத் தெரியாத கடையில் காசைக் கொடுக்காதீர்கள்.