பயிற்சி வகுப்பா, சும்மா விளையாட்டா?

5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டுப் பயிற்சி வகுப்பில் சேர்த்தால் நேரம் தவறாது, உத்திகளும் கைவரும். ஆனால் வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருப்பதும் அந்த நேரத்தில் சேர்த்திதான்.

பந்தைக் கொடுத்து விட்டுவிட்டால்? அணி பிரிப்பது, அவுட்டா இல்லையா என்று கத்துவது, கோபித்துக்கொண்டு போனவனைத் திரும்ப இழுத்து வருவது எல்லாம் அவர்கள் பாடு. ஆள் குறைந்தால் விதியையே மாற்றிவிடுவார்கள். (எந்தப் பயிற்சியாளர் ஒத்துக்கொள்வார்?) போனை விட்டு எழ மறுக்கும் பதின்வயதினருக்கு, நண்பர்கள் கூப்பிடும் இந்த ஆட்டம்தான் சரிப்படும் என்பேன். நீச்சல் மட்டும் வேறு கதை, அதற்கு வகுப்பேதான்.