ஆணுறை, அன்றாட மாத்திரை, ஊசி மருந்து: இடம்பெயர்ந்த இளம் தொழிலாளருக்கு எது கைகொடுக்கும்?

எச்.ஐ.வி. தடுப்புப் பரப்புரைகள் பெரும்பாலும் எந்த முறைக்கு ஆற்றல் அதிகம் என்பதோடு நின்றுவிடுகின்றன. வேலை தேடி வேற்றூர் வந்து, பலர் முறைவைத்து உறங்கும் அறையில் தங்கி, ஒப்பந்தம் முடிந்ததும் வேறெங்கோ போக வேண்டியிருக்கும் இளைஞருக்கு, அந்த முறை தம் வாழ்க்கைக்கு ஒத்துவருமா என்பதும் அதே அளவு முக்கியம். அந்த அளவுகோலை வைத்தே மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

ஆணுறைக்கு மருத்துவர் சீட்டும் வேண்டாம், அடையாள அட்டையும் வேண்டாம். எச்.ஐ.வி.யோடு கொனோரியா, கிளமிடியா போன்ற பால்வினை நோய்களுக்கும் கருத்தரிப்புக்கும் சேர்த்துக் காப்பளிப்பது இம்மூன்றில் இது ஒன்றே. எண்ணெயோ வாசலினோ பட்டால் லேடெக்ஸ் உறை வலுவிழந்து கிழியும் என்பதையும், நீர் சார்ந்த உயவுப்பசையே ஏற்றது என்பதையும் விழிப்புணர்வு வகுப்புகளில் அழுத்திச் சொல்ல வேண்டும். இதன் பெரிய குறை, ஒவ்வொரு முறையும் இணையர் ஒத்துழைக்க வேண்டும் என்பதுதான். சம்பளமும் தங்குமிடமும் ஒரு மேற்பார்வையாளரின் கையில் இருக்கும்போது, அவரிடம் ஆணுறை அணியச் சொல்லும் துணிவை ஓர் இளம்பெண்ணிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

அந்த இடத்தில்தான் தொற்றுக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் பிரெப் மருந்து உதவுகிறது. இணையருக்குத் தெரியாமலேயே இதைப் பயன்படுத்த முடியும். டெனோபோவிரும் எம்ட்ரிசிட்டபினும் சேர்ந்த மாத்திரைக்கு அமெரிக்கா 2012இல் அனுமதி அளித்தது. தொற்று அபாயம் மிகுந்த அனைவருக்கும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதைப் பரிந்துரைத்தது. தவறாமல் விழுங்கினால் பாலுறவு வழித் தொற்றை ஏறத்தாழ 99 விழுக்காடு தடுக்கும். ஆனால் தவறாமல் விழுங்குவது எப்படி? பூட்டில்லாத பெட்டி, குலுங்கினாலே சத்தம் எழுப்பும் மாத்திரைப் புட்டி, மேலே ஒட்டியிருக்கும் மருந்தின் பெயர். அதே மருந்துகள் எச்.ஐ.வி. சிகிச்சையிலும் பயன்படுவதால், பக்கத்துக் கட்டில்காரர் பெயரைப் படித்துவிட்டு இவருக்கே தொற்று இருப்பதாக முடிவுகட்டிவிடலாம். அந்த அச்சத்தில் மாத்திரையைத் தூக்கியெறிபவரைப் பொறுப்பற்றவர் என்று நான் சொல்லமாட்டேன். வேறு புட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மருந்து கொடுப்பவர் முன்கூட்டியே சொல்வது நல்லது.

ஊசி மருந்து இந்தச் சிக்கலை அறவே நீக்குகிறது. கபோடெக்ராவிர் ஊசி, தொடக்க ஊசிகளுக்குப் பின் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை பிட்டத்தில் போடப்படுகிறது. லெனகாபாவிர் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் செலுத்தப்படுகிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடையே நடந்து 2024இல் முடிவு வெளியான ஆய்வில், லெனகாபாவிர் பெற்ற 2,134 பேரில் ஒருவருக்கும் புதிதாகத் தொற்று ஏற்படவில்லை. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. கிடைக்கும் இடங்களில் இளம் தொழிலாளருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் ஊசிக்கு ஒரு வால் உண்டு. நிறுத்திய பிறகும் மருந்து பல மாதங்கள் உடலில் மெல்லமெல்லக் குறைந்தபடி தங்கியிருக்கும். தொற்றைத் தடுக்கப் போதாத அந்த அளவில் கிருமி உள்ளே நுழைந்தால், அது மருந்துக்கு எதிர்ப்புத் தன்மை பெற வாய்ப்புண்டு. அடுத்த ஊசிக்கு முன் ஊர் மாறுபவரை இது நேராகப் பாதிக்கும். ஆகவே போட்ட மருந்தின் பெயரும் நாளும் அடுத்த தவணையும் எழுதிய சிறு அட்டையைக் கையில் கொடுக்காமல் ஊசி போடுவது அரைகுறை வேலை. தவணை தவறும் என்று தெரிந்தால் மாத்திரைக்கு மாறிக்கொள்ள வழிசெய்ய வேண்டும். மாத்திரையானாலும் ஊசியானாலும், தொடங்குமுன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். டெனோபோவிர் மாத்திரையைத் தொடங்குவோர் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது; அந்நோய் உள்ளவர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் அழற்சி பெருகக்கூடும்.

இம்மூன்றில் எதுவும் இல்லாமல் உறவு நிகழ்ந்துவிட்டால், அவசரத் தடுப்பு மருந்தான பெப் இருக்கிறது. அதை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகத் தொடங்கி, 28 நாள்கள் எடுக்க வேண்டும். ஞாயிறன்று மட்டுமே ஓய்வு கிடைக்கும் தொழிலாளிக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை பகலில் மட்டும் திறந்திருக்கும் மருத்துவமனையால் அந்த 72 மணி நேரத்தில் பயனில்லை. இரவுப் பணி முடிந்து வருபவருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும்.