ஆண்டர்சன் தெரு பேப்பர் கடை: சரக்குக்கு முழு மார்க், முதலாளிக்கு இல்லை

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில், கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே இருக்கும் மொத்த விலைக் கடை இது. எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் சுற்றறிக்கைக்கு ஏ4 ரீம் இங்கேதான் வாங்குகிறேன். ஈரோடு பக்கம் ஒரு பேப்பர் மில்லில் ரீவைண்டரிலும் (தாள் உருளையைச் சுற்றும் மெஷின்) ஃபினிஷிங் ஹவுஸிலும் (தாளை வெட்டிக் கட்டும் பிரிவு) வேலை பார்த்தவன். தாளைத் தொட்டுப் பார்க்காமல் காசு எடுக்கக் கை வராது.

முதலில் எடை. 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 75 கிராம்), ஒரு ரீமுக்கு 500 தாள் என்றால் உறை இல்லாமல் ஏறக்குறைய 2 கிலோ 340 கிராம் நிற்க வேண்டும். 2 கிலோ 180 காட்டினால் உள்ளே இருப்பது 70 ஜிஎஸ்எம். இங்கே தராசு கல்லாப் பக்கத்திலேயே இருக்கிறது, கேட்டதும் முகம் சுளிக்காமல் வைத்துக் காட்டினார்கள். எடை சரி. அப்புறம் ஒரு தாளை வாங்கிக் கிழித்துப் பார்த்தேன். நீளவாக்கில் நேராகக் கிழிந்தது, குறுக்கே கோணல்மாணலாகப் போனது. நார் நீளவாக்கில் ஓடுகிறது, பிரிண்டரில் அதிகம் சுருளாது. (பளீரென்ற வெள்ளையைப் பார்த்து மயங்காதீர்கள், அது பெரும்பாலும் ரசாயனப் பளபளப்பு.) கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையை வைத்துத் தயாரிக்கும் டிஎன்பிஎல் (தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம்) தாளும் கிடைக்கிறது. நாங்கள் வாங்குவது அதைத்தான். மழைக்காலத்தில் பிரித்த ரீமை உறையோடு சுற்றி வையுங்கள், சென்னை ஈரத்துக்குத் தாள் நெளிந்துவிடும்.

ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் வேறு. கவுண்டரில் இருக்கும் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தாயிற்று. முதலாளியிடம் கேட்டால், “உட்கார்ந்திருந்தா கஸ்டமர் என்ன சார் நினைப்பாங்க?” என்கிறார். நான் ஒன்றும் நினைக்கவில்லை! மில்லில் மெஷினில் பேப்பர் அறுந்தால் எல்லோரும் ஓடுவோம், ஓட்டம் சீரானதும் உட்கார பெஞ்ச் உண்டு. அதுவும் சங்கத்தில் சேர்ந்து மில் வாசலில் கேட் மீட்டிங் போட்டு, நிர்வாகத்திடம் மல்லுக்கட்டி வாங்கியதுதான். போனஸை 8.33-லிருந்து 20 சதவீதத்தை நோக்கி இழுத்த கதையை எல்லோரும் சொல்வார்கள், பெஞ்ச் கதையை யாரும் சொல்வதில்லை. 1923-ல் தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிய ஐகோர்ட் எதிர்க் கடற்கரை இந்தக் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான்.

பில் போட்ட பெண் மெதுவாக, “சங்கம்னா எத்தனை பேர் சார் வேணும்?” என்று கேட்டார். தொழிற்சங்கம் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேராவது வேண்டுமம்மா என்றேன். கடையில் இருப்பதே ஐந்து பேர். “பக்கத்துக் கடையில இருக்கறவங்களையும் சேர்த்துக்கலாமா?” தாராளமாகச் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

விலை நியாயம். பில்லைக் கேட்டு வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. போகிறவர்கள் ஸ்டூலைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.