தொண்டு நிறுவன மேலாளர் பயிற்சி: போய்வந்த அனுபவம்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் ஒன்பது களப்பணியாளர்களைக் கவனித்துக்கொள்கிறேன். போன மாதம் மதுரை அழகர்கோவில் ரோட்டில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன்.

முதல் நாள் காலை வீண். கம்பெனிகளுக்குப் போடும் அதே ஸ்லைடுகள்: போனஸ், டார்கெட், பதவி உயர்வு. ப்ராஜெக்ட் நிதி நின்றால் மார்ச்சுக்குப் பிறகு சம்பளமே உறுதியில்லாத ஆளிடம் இதைச் சொல்லி என்ன செய்ய?

மதியத்துக்கு அப்புறம் வந்த அம்மா களத்தில் உழைத்தவர், பேச்சிலேயே தெரிந்தது. அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959இல் சொன்ன கருத்தை எடுத்துக்கொண்டார். சம்பளமும் மேலதிகாரி நடத்தும் விதமும் சரியில்லை என்றால் ஆள் வெறுத்துப்போவார், ஆனால் அவை சரியானதால் மட்டும் உற்சாகம் வந்துவிடாது, அதற்குப் பொறுப்பும் அங்கீகாரமும் செய்யும் வேலையில் ஓர் அர்த்தமும் வேண்டும். 'சேவை மனசு இருக்கிறதே என்று பயணப்படியை இழுத்தடிக்காதீர்கள்' என்றார், எனக்குச் சுருக்கென்றது.

நம்மூர் அரவிந்த் கண் மருத்துவமனையையும் காட்டினார். 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சிகிச்சையில் பெரும்பங்கு வேலையை நம்பி ஒப்படைத்தது. பொறுப்பைக் கொடுப்பதுதான் ஆளை வளர்ப்பது என்பது அப்போது எனக்கு நன்றாகவே புரிந்தது.

இரண்டாம் நாள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, ஊழியரிடம் குறையை எப்படிச் சொல்வது என்று பழகினோம். அருமை. சம்பளமே வாங்காத தன்னார்வலர்களை எப்படித் தக்கவைப்பது என்று மட்டும் யாரும் பேசவில்லை, அது பெரிய குறை.

சாப்பாடு பரவாயில்லை. முதல் நாள் காலையை மாற்றினால் தாராளமாகப் போகலாம். திங்கட்கிழமை முதல் வேலையாக நிலுவைப் பயணப்படியைக் கொடுத்துவிட்டேன்.