குமரி ஒருநாள் வாடகைக் கார் சுற்று: வண்டி சரி, வரிசைதான் தப்பு

கன்னியாகுமரி லாட்ஜ்களிலும் டாக்ஸி ஸ்டாண்டுகளிலும் பேசி எடுக்கும் ‘ஒருநாள் சைட் சீயிங்’ பெரும்பாலும் ஒரே அச்சுதான்: சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, நேரம் மிஞ்சினால் முட்டம். கடலில் தொடங்கி, ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறி, மறுபடியும் கடலுக்கே இறங்கும் இந்தச் சுற்றுக்கு ஈடாகத் தமிழ்நாட்டில் இன்னொன்றைச் சொல்வது கடினம். இடங்களில் குறையே இல்லை. கெடுப்பது அவற்றை அடுக்கியிருக்கும் வரிசை.

காலையில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கு நின்றால் அன்றைய கணக்கு அங்கேயே உடைந்துவிடும். படகு 8 மணிக்குத்தான் தொடங்கும். கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலோ அலை கூடினாலோ அதுவும் தள்ளிப்போகும். விடுமுறை நாளில் வரிசை மட்டுமே மணிக்கணக்கு. 2024 டிசம்பரில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, பாறையிலிருந்து திருவள்ளுவர் சிலைக்கு நடந்தே போகலாம் என்பதால் அங்கே செலவாகும் நேரமும் கூடியிருக்கிறது. எல்லாம் முடித்துச் சுசீந்திரத்தையும் பார்த்துவிட்டு அரண்மனை வாசலுக்கு வந்தால் மணி ஒன்று ஆகியிருக்கும். அரண்மனை 1 முதல் 2 வரை மூடியிருக்கும். அங்கே வீணாகும் ஒரு மணி நேரம், மாலையில் முட்டத்தைப் பறித்துவிடும்.

ஆகவே பாறையையும் சுசீந்திரத்தையும் வேறொரு நாளுக்கு ஒதுக்குங்கள். உதயம் பார்த்து, டிபன் முடித்து, 7:30-க்குள் கிளம்பினால் ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் உள்ள பத்மநாபபுரத்தை 9 மணித் திறப்புக்குப் பிடிக்கலாம். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் லாரி நெரிசல் இருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் இந்த நேரம். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அதனால் நம்மூர் விடுமுறைக் கணக்கை வைத்துப் போகக் கூடாது. செருப்பை வெளியே விட வேண்டும். படிகள் செங்குத்து, சில கதவு நிலைகள் தாழ்வு, குனிந்தே நுழைய வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் மரவேலைப்பாட்டையும் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையையும் அவசரமாகத் தாண்டக் கூடாது. ஒன்றரை மணி நேரமாவது கொடுங்கள்.

அடுத்தது மாத்தூர். பறளியாற்றுக்கு மேலே, 28 தூண்களில், நூறு அடிக்கும் கூடுதலான உயரத்தில் பட்டணங்கால் வாய்க்காலைத் தாங்கி நிற்கும் தொட்டி இது. காமராசர் காலத்துத் திட்டம். பாசனத்துக்கு அணை திறந்திருக்கும் மாதங்களில் மட்டுமே தொட்டியில் தண்ணீர் ஓடும். கோடையில் வெறும் சிமெண்ட்தான் தெரியும். மேலே நிழலே கிடையாது, குடையோ தொப்பியோ கட்டாயம். நடைபாதை குறுகல் என்பதால் சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்தே நடத்துங்கள். படியிறங்கி ஆற்றங்கரைக்குப் போய் அண்ணாந்து பார்த்தால்தான் தூண்களின் உயரம் உறைக்கும். பல டிரைவர்கள் இதற்கு இருபது நிமிடம்தான் சொல்வார்கள். முக்கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

மதியச் சாப்பாட்டைக் குலசேகரம் பக்கம் வைத்துக்கொள்வது நல்லது. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும் கிடைக்கும் சிறு கடைகள் உண்டு. வழியில் மட்டிப்பழம் என்னும் இவ்வூர் வாழைப்பழம் கண்டால் விடாதீர்கள்.

திற்பரப்பில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் குளிக்கக் கூடாது, பாறையும் வழுக்கும். கோதையாற்றில் வெள்ளம் வந்தாலோ பேச்சிப்பாறையிலிருந்து உபரிநீர் திறந்தாலோ குளிக்கத் தடை போடுவார்கள். மழை நாளென்றால் காலையிலேயே டிரைவரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள், அவர்களுக்குள் செய்தி உடனே பரவும். தடை என்றால் அருவியைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பக்கத்திலுள்ள மகாதேவர் கோவில் நடை திறந்திருந்தால் கும்பிட்டுக் கிளம்பலாம். சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடியே போய் வழிபடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோவில்களில் இதுவும் ஒன்று. மாற்று உடையைப் பிளாஸ்டிக் பையில் தனியாக வையுங்கள். ஈர உடையோடு சீட்டில் உட்கார்ந்தால் டிரைவர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

இனி வாடகை. ‘8 மணி நேரம், 80 கிலோமீட்டர்’ என்று பேசினால் இந்தச் சுற்றுக்குப் போதாது. முட்டமும் சேர்ந்தால் 130 கிலோமீட்டரைத் தாண்டும், 11 மணி நேரமாவது பிடிக்கும். பல வண்டிகளுக்குக் கணக்கு, வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து கிளம்பித் திரும்ப ஷெட்டுக்கு வரும் வரை. கூடுதல் கிலோமீட்டருக்கும் கூடுதல் மணிக்கும் எவ்வளவு, பேட்டா, பார்க்கிங் யாருடையது என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கிளம்பும்போது மீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் போர்டு வண்டிதானா என்றும் பாருங்கள். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி தவறு, விபத்தென்றால் காப்பீட்டில் சிக்கல் வரும்.

திற்பரப்பிலிருந்து 3 மணிக்குப் புறப்பட்டால், தக்கலை, திங்கள்சந்தை வழியாக அஸ்தமனத்துக்கு முன்பே முட்டம் வந்துவிடலாம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறைகளில் அலை சொல்லாமல் ஏறும். ஈரம் தெரியும் பாறையில் கால் வைக்காதீர்கள். திரும்பும்போது நாகர்கோவில் நெரிசலுக்குள் நுழையாமல் ராஜாக்கமங்கலம், மணக்குடி வழியாகக் கடலோரச் சாலையில் வரச் சொல்லுங்கள். 2004 சுனாமி அடித்துப்போன பாலத்துக்குப் பதிலாகக் கட்டிய பாலம் மணக்குடிக் காயலின் மேல் நிற்கிறது. கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போதே அதைக் கடந்தால் ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல்.