பிஸ்டன் இறக்க எந்த ரிங் கம்ப்ரசர்: பேண்டா, டேப்பர் ஸ்லீவா?

வீட்டில் வைத்து இன்ஜின் வேலை பழக நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினைத்தான். மூன்றே சிலிண்டர், 68.5 மி.மீ. போர் (பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம்; அந்தத் துளையையும் போர் என்றே சொல்வோம்), 72 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்). பிளாக்கை இரண்டு பேர் சிரமமில்லாமல் மேசைமேல் தூக்கி வைத்துவிடலாம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஏற்றியாயிற்று, மெயின் பேரிங் கேப் முறுக்கியாயிற்று என்றால் அடுத்தது பிஸ்டனும் கனெக்டிங் ராடும். கால் மணி நேர வேலைதான், ஆனால் புது ரிங் உடைவதும் புது போரில் கீறல் விழுவதும் இந்தக் கால் மணி நேரத்தில்தான்.

பிஸ்டனைச் சுற்றியுள்ள பள்ளங்களில் உட்காரும் ரிங் என்பது ஸ்பிரிங் மாதிரி. வெளியே இருக்கும்போது போரைவிட விரிந்து நிற்கும். அதைச் சுருக்கிப் பிடித்து உள்ளே அனுப்பத்தான் ரிங் கம்ப்ரசர்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது பேண்ட் வகை. சுருட்டிய எஃகுத் தகடு, மேலே ஒரு சாவி, பின்னோக்கி அவிழாமல் பிடிக்க ஒரு ராட்செட். சுமார் 53 மி.மீ. முதல் 125 மி.மீ. வரை ஒரே கருவி போதும். மாருதிக்கும் அதுதான், டிராக்டருக்கும் அதுதான். நாலு விதமான இன்ஜின் வரும் பட்டறையில் இதை வைத்திருப்பது நியாயமே.

சிக்கல் தகட்டின் அடிவிளிம்பில் இருக்கிறது. அது பிளாக்கின் மேல்முகத்தில் சுற்றிலும் படிந்து உட்கார வேண்டும். ஒரு பக்கம் மயிரிழை தூக்கியிருந்தாலும் போதும், பிஸ்டன் இறங்கும்போது ரிங் அந்த இடைவெளியில் வெளியே துள்ளி போர் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். எண்ணெயை வழித்துவிடும் ஆயில் ரிங்கின் மேலும் கீழும் இருக்கும் மெல்லிய ரெயில்கள்தான் முதலில் மாட்டும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு பிஸ்டன் அழகாக இறங்கிவிட்டது. மூன்றாவது பாதியில் நின்றது. "அண்ணே, இறங்க மாட்டேங்குது" என்றேன். "சுத்தியல் பிடியால ஓங்கி ஒண்ணு போடு தம்பி" என்றார் பக்கத்தில் இருந்தவர். போட்டேன். டிக் என்று ஒரு சத்தம். வெளியே எடுத்துப் பார்த்தால் கீழ் ரெயில் முறிந்து, நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் போரில் ஒரு கோடு. ஒரு செட் ரிங்கும், லேத் பட்டறைக்கு இன்னொரு நடையும் செலவு. நின்றால் தட்டக் கூடாது, வெளியே எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

டேப்பர் ஸ்லீவில் இந்த ஆபத்து மிகக் குறைவு. திடமான அலுமினிய வளையம், மேல்வாய் அகலம், உள்சுவர் மெல்லச் சரிந்து கீழ்வாயில் போரின் அளவுக்கு வந்து நிற்கும். பிஸ்டனை மேலிருந்து அழுத்த அழுத்த ரிங் தானாகச் சுருங்கும். அடிப்பாகம் தட்டையாக இருப்பதால் பிளாக்கில் முழுதாக உட்காரும். எண்ணெய் தடவி இரண்டு கட்டைவிரலால் அழுத்தினாலே பிஸ்டன் வழுக்கிக்கொண்டு போகும். சுத்தியல் பிடியே வேண்டாம். எங்காவது தடங்கினால் கையிலேயே உடனே தெரியும். இதற்காகவே நான் இதன் பக்கம்.

குறை என்னவென்றால் ஒரு ஸ்லீவ் ஒரு அளவுக்குத்தான். போரை 0.50 மி.மீ. ஓவர்சைஸாக, அதாவது அவ்வளவு பெரிதாகக் கடைந்திருந்தால் 69.0 மி.மீ. ஸ்லீவ் வேண்டும். பழைய 68.5 ஸ்லீவில் புது பிஸ்டனே நுழையாது. 69.0 ஸ்லீவை 68.5 போருக்கு வைத்தால் ரிங் விளிம்பில் மோதும். ஆகவே போர் அடித்து முடித்த பிறகே ஸ்லீவ் வாங்குங்கள். போர் அடித்த லேத்காரரிடமே கடைந்து தரச் சொல்லலாம், அளவு அவர் கையில் இருக்கிறது.

எந்தக் கருவியாக இருந்தாலும் போரின் மேல்விளிம்பில் லேசாகச் சரிவு எடுத்திருக்க வேண்டும். போர் அடித்த பிறகு கூர்மையாகவே விட்டிருந்தால் நல்ல ஸ்லீவும் உதவாது.

ஒரே ஒரு இடத்தில் டேப்பர் ஸ்லீவ் தோற்கும். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் இன்ஜினில் பிஸ்டன் ராடோடு நிற்க, சிலிண்டர்தான் அதன்மேல் வந்து இறங்கும். அங்கே முழு வளையத்தை மாட்டினால் ராடைச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். பிரித்து எடுக்கக்கூடிய பேண்டுதான் வழி.

ராடு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும் ரகம் என்றால் இறக்கும் முன் இரண்டு போல்ட்டிலும் ரப்பர் ஹோஸ் துண்டு மாட்டுங்கள். இல்லாவிட்டால் போல்ட் மரை, ராடு உட்காரும் வழவழப்பான கிராங்க் ஜர்னலைக் கீறிவிடும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி மாருதியில் புல்லி பக்கம் பார்க்க வேண்டும். ராடும், அதைக் கிராங்கோடு பிடிக்கும் அதன் கேப்பும் ஜோடி மாறவே கூடாது.

பேரிங் கிளியரன்ஸ், அதாவது பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் உள்ள இடைவெளி பார்க்க பிளாஸ்டிகேஜா (நடுவில் வைத்து முறுக்கி, நசுங்கிய அகலத்தை வைத்து அளக்கும் மெல்லிய பிளாஸ்டிக் இழை), மைக்ரோமீட்டரா? வீட்டு வேலைக்குப் பிளாஸ்டிகேஜ் போதும். பச்சை இழை 0.025 முதல் 0.076 மி.மீ. வரை காட்டும். கேப்பை முறுக்கிய பின் கிராங்க் நகரக் கூடாது, நகர்ந்தால் இழை இழுபட்டு அளவு பொய்யாகும். ஆனால் ஜர்னல் நீள்வட்டமாகத் தேய்ந்ததை அது சரியாகச் சொல்லாது, அதற்கு மைக்ரோமீட்டர்தான். கிராங்க் கிரைண்டிங் போயிருந்தால் அங்கேயே அளந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கேப் போல்ட்டுக்கு டார்க் (குறித்த முறுக்கு விசை) மட்டுமா, டார்க்கோடு கோணமுமா (அதன்பின் குறித்த டிகிரி கூடுதலாகத் திருப்புவது) என்று கேட்பார்கள். அதை மேனுவல்தான் முடிவு செய்ய வேண்டும், நாம் அல்ல. நாம் போடும் முறுக்கில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும், போல்ட்டை இழுப்பது சிறு பங்குதான். மரை காய்ந்திருந்தால் ஒரு இழுப்பு, எண்ணெய் இருந்தால் வேறு இழுப்பு. கோண முறை அந்த வித்தியாசத்தைப் பெருமளவு குறைக்கிறது. அதற்காக, டார்க் மட்டும் சொன்ன போல்ட்டில் நாமாகக் கோணம் சேர்க்கக் கூடாது. ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும் என்று மேனுவல் சொல்லும் போல்ட்டுக்குப் புதுசுதான்.

ஒவ்வொரு பிஸ்டன் இறங்கியதும் கேப்பை முறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். பிஸ்டன் சேரச் சேர ஒரே சீராகக் கனம் கூடும். இரண்டாவதில் திடீரென்று இறுகினால் மூன்றாவதை எடுக்காதீர்கள். இரண்டாவது கேப்பைக் கழற்றிப் பாருங்கள்.